பங்குனியில் கல் சுற்றப் போனோம்

மலைத்தேனீ கொட்டினால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர்கள் கொட்டு வாங்கியவர்கள் இல்லை. எனக்குப் புறங்கையிலும் காதுமடலிலும் கழுத்திலும் கொட்டியிருக்கிறது. முதல் கொட்டு சூடு வைத்த மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு எங்கே கொட்டியது என்று தனியாகத் தெரியாது, உடம்பே எரிச்சலாகிவிடும். ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கொட்டியது குறைவுதான். என் மாமியாருக்குத்தான் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மோகனூர்ப் பக்கத்துப் பெண். காவிரிக்கரை. கரும்பையும் தென்னையையும் தவிர உயரமாக எதையும் பார்த்து வளர்ந்தவள் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லுக்கு வடக்கே ஒரு மேட்டுக்காட்டு ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கடலையும் சோளமும் விளைகிற பூமி. ஊருக்கு மேற்கே ஒரு மொட்டைக் கரடு. அதன் உச்சியில் ஒரு வீடளவு பெரிய உருண்டைக் கல் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும். முதல்முறை பார்த்தபோது அது எப்போது உருண்டு விழும் என்று கணவரிடம் கேட்டேன். நீ வந்துவிட்டாய் அல்லவா, இனி விழுந்துவிடும் என்றார். அவருக்கு அப்படித்தான் பேச வரும்.

அவர் லாரி ஓட்டினார். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே நாக்பூர், இந்தூர் என்று போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருந்தாலே பெரிய விஷயம். ஆனால் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் எனக்கு வயிறு திறக்காதபோது ஊரில் ஒருவரும் லாரியைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பற்றித்தான் பேசினார்கள். வளைகாப்புக்கு அழைப்பார்கள், போனால் வளையல் போட விடமாட்டார்கள். சந்தனக் கிண்ணம் எனக்கு முன்னால் வரும்போது மட்டும் யாருக்காவது வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். ஒருமுறை அப்படிப் போய்விட்டு வந்து கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் வளைகாப்புக்குப் போவதையே விட்டேன். அதற்கும் பேசினார்கள்.

மாமியார் கனத்த உடம்புக்காரி. முழங்கால் வலி. மாமனார் காலமான பிறகு காடும் மாடும் வீடும் அவள் குரலுக்குத்தான் நடந்தன. வீட்டில் எல்லாரையும் சாமி என்று கூப்பிடுவாள், கன்றுக்குட்டியைக்கூட. என்னை மட்டும் 'ஏம்புள்ள' என்பாள். ஒருநாள் கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டே, சினை பிடிக்காத மாடென்றால் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்று யாரிடமோ சொல்வதுபோல எனக்குச் சொன்னாள். அதை நான் மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய்.

அவளுடைய தம்பியின் மனைவி பக்கத்து ஊர். மாமியாரை நங்கையா என்று கூப்பிடுவாள், எனக்குச் சின்னம்மா முறை. அவளுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். அந்தப் பெண்ணை என் கணவருக்கு இரண்டாவதாகக் கட்டுவது என்ற பேச்சு எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவந்தபோது பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அவள் உனக்குத் தங்கச்சி முறைதானே, அக்கா தங்கையாக ஒரே வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று என்னிடமே வந்து சொன்னார்கள். ஏதோ எனக்கு நகை செய்து போடப் போகிற மாதிரி சொன்னார்கள். இதைத் தடுக்கச் சட்டம் இருந்தது, பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நான் யாரிடம் போவது? கணவரிடம் கேட்டேன். அம்மா சொல்வதுதான் என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் புறப்பட்டுப் போனார்.

அந்தப் பெண்ணைத் திருச்செங்கோட்டில் தறி வைத்திருந்த ஒரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருந்தது. சித்திரை கழிவதற்குள் அங்கே ஆமாம் இல்லை என்று சொல்ல வேண்டும். அதனால் எங்கள் வீட்டிலும் சித்திரைக்குள் முடிவு தெரிய வேண்டும் என்றாள் சின்னம்மா. மாமியார் யோசித்தாள். முதலில் இவள் கல்லைச் சுற்றட்டும், சுற்றியும் நாள் தள்ளவில்லை என்றால் அப்புறம் பேசலாம் என்றாள். என் வாழ்க்கை அந்தக் கல்லில் போய் நின்றது.

கல் சுற்றுவது அங்கே எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கரட்டு உச்சியில் அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு சின்ன அம்மன் கோவில். கல்லின் முன்பக்கம் அகலமான பாறை, நூறு பேர் உட்காரலாம். பின்பக்கம் ஒரு பாதம் வைக்கிற அளவுக்குத்தான் விளிம்பு, அதற்குக் கீழே வெறும் ஆகாசம். பிள்ளையில்லாதவள் சுனையில் முழுகி, ஈரச் சேலையோடு, கல்லை வயிற்றால் அணைத்துக்கொண்டு அந்த விளிம்பில் நகர்ந்து மூன்று சுற்று வர வேண்டும். பூசாரியைத் தவிர ஆண்கள் வரக்கூடாது. பின்பக்கம் போய்விட்டால் முன்பக்கம் நிற்கிற யாருக்கும் அவள் தெரியமாட்டாள்.

இதை ஆடி மாதப் பண்டிகையான ஆடி நோம்பியில்தான் செய்வார்கள். அதுதான் முறை. ஆடி வரைக்கும் பொறுக்க முடியாது என்பதால் அம்மன் காலடியில் பூப்போட்டுக் கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூசாரி எடுத்துக் கொடுத்ததைப் பிரித்தால் வெள்ளை. பங்குனியிலேயே சுற்றலாம் என்று உத்தரவாகிவிட்டது.

வேம்பு பூக்கிற காலத்தில் கரட்டில் மலைத்தேனீ வந்து கட்டும் என்பது அந்த ஊரில் மாடு மேய்க்கிறவர் வரைக்கும் தெரியும். ஆடிக் காற்று அடிப்பதற்குள் அவை கிளம்பிப் போய்விடும் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்த ஊர், கல் சுற்றுவதை ஏன் ஆடியில் வைத்தார்கள் என்று மட்டும் யோசித்ததில்லை. சாமி காரியம் ஒரு பக்கம் இருந்தது, தேனீ இன்னொரு பக்கம் இருந்தது. நானும் யோசிக்கவில்லை. எனக்கு அந்த விளிம்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

விடிந்ததும் ஏறினோம். மாமியார், சின்னம்மா, பூசாரி, நான். கணவர் அப்போது வண்டியோடு வடக்கே இருந்தார். பாதி தூரம் வரை படி மாதிரி வெட்டியிருக்கும். அதற்கு மேல் வெறும் பாறை. கால் விரல் வைக்கக் குழி கொத்தியிருப்பார்கள், கையையும் ஊன்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். ஆற்றங்கரையில் வளர்ந்த எனக்கு அந்தப் பாறையில் கால் நிற்கவே இல்லை. சின்னம்மா விறுவிறுவென்று ஏறிப் போனாள். நான் உண்மையாகவே சுற்றுகிறேனா என்று பார்க்கத்தான் அவள் வந்தாள் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மாமியார் உட்கார்ந்து உட்கார்ந்து, கையை ஊன்றி உடம்பை மேலே தள்ளித் தள்ளி வந்து சேர்ந்தாள். அந்த முழங்காலோடு அவள் வரவேண்டிய அவசியமே இல்லை.

சுனையில் முழுகினேன். ஈரச் சேலை உடம்பில் ஒட்டிக்கொள்ள, கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விளிம்பில் கால் வைத்தேன். கீழே பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கீழே பார்க்கவில்லை, மேலே பார்த்தேன். கல் பின்பக்கம் குடை மாதிரி வெளியே சரிந்திருந்தது. அந்தச் சரிவில் முறம் முறமாகக் கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முதலில் பாறையின் நிறம் என்று நினைத்தேன். அப்புறம் அந்தக் கறுப்பு அலை அலையாக அசைந்தது. தேன் கூடு. ஒன்றல்ல, வரிசையாக. என் தலைக்கு மேலே கையை நீட்டினால் எட்டிவிடுகிற உயரம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் சுற்றை முடித்தேன். முன்பக்கம் வந்ததும் சொன்னேன். அது அம்மனோட காவல், ஒன்றும் செய்யாது என்றார் பூசாரி. ஆரம்பித்ததைப் பாதியில் விட்டால் தெய்வக் குத்தம் என்றாள் சின்னம்மா. மாமியார் என் முகத்தையே பார்த்தாள். ஒரு சுற்று முடிந்தால் தூபம் காட்ட வேண்டும். சின்னம்மா தூபக்காலில் தேங்காய் நாரைப் போட்டு, கை நிறையச் சாம்பிராணியை அள்ளிக் கொட்டினாள். நான் இரண்டாவது சுற்றுக்குத் திரும்பினேன்.

காற்று கிழக்கே இருந்து வந்தது. புகையை அப்படியே கல்லைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுவந்தது. நான் விளிம்பின் நடுவில் இருந்தபோது சாம்பிராணி வாசனை வந்தது. அடுத்து மேலே இருந்து ஒரு இரைச்சல். லாரியை மேட்டில் ஏற்றும்போது வருகிற மாதிரி இரைச்சல். வெளிச்சமே மங்கிவிட்டது. முதல் கொட்டு காதுமடலில் இறங்கியது. கத்திவிட்டேன்.

கல்லுக்கு அந்தப் பக்கம் பூசாரி கத்துவது கேட்டது. சின்னம்மா கத்துவது கேட்டது. தூபக்கால் உருண்ட சத்தம் கேட்டது. கத்தல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. எல்லாரும் ஓடிவிட்டார்கள் என்று புரிந்தது. என்னால் ஓட முடியாது. முன்னாலும் பாதி விளிம்பு, பின்னாலும் பாதி விளிம்பு. கல்லில் கை வழுக்க ஆரம்பித்தது. விட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், சித்திரைக்குள் முடிவு சொல்ல வேண்டிய கவலையும் யாருக்கும் இருக்காது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

அப்போது விளிம்பு ஆரம்பிக்கிற இடத்திலிருந்து எட்டிப் பார்த்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"நவராத சாமி. அப்புடியே நில்லு. சீலையத் தலைக்கு மேல இழுத்து உட்டுக்க."

இழுத்து விட்டுக்கொண்டேன். ஈரத் துணி முகத்தை மூடியது.

"உன்ற வலக்கையிக்கு மேல ஒரு பொந்து இருக்குது பாரு. அதுக்குள்ள கைய உட்டுப் புடிச்சுக்க. அதப் புடிச்சா உழுவ மாட்ட."

தடவினேன். இருந்தது. நாலு விரலும் உள்ளே போகிற ஒரு பள்ளம். பிடித்துக்கொண்டேன். விழமாட்டேன் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. புறங்கையில் கொட்டிக்கொண்டே இருந்தன. சேலைக்கு மேலே நூறு கால்கள் ஊர்ந்தன. ஈரத் துணியைத் தாண்டிக் கொடுக்கு இறங்கியது கொஞ்சம்தான். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அழாதே, நான் இங்கேதான் இருக்கிறேன், புகை அடங்கிவிட்டது, சித்த நேரம் பொறுத்துக்கொள் என்று. நடுநடுவே அவள் குரல் முனகலாக உடைந்தது, உடனே மறுபடியும் பேசியது. என்னை அவள் சாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரைச்சல் குறைந்தது. வெளிச்சம் திரும்பி வந்தது. வந்த வழியே மெல்ல நகர்ந்து வந்தேன். விளிம்பின் வாயில் அவள் உட்கார்ந்திருந்தாள். உலர்ந்த சேலை, அதுவும் தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. முகம் வீங்கிக் கண் இரண்டும் கோடாகிவிட்டன. நரைத்த கூந்தலுக்குள் சிக்கிக்கொண்ட தேனீக்கள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. ஓடியவர்களைத் தேனீ துரத்திக்கொண்டு போயிருக்கிறது. ஓடாதவளை உட்கார்ந்த இடத்திலேயே கொட்டியிருக்கிறது. முழங்கால் வலியால் ஓட முடியாமல் இருந்தாளா, ஓடக் கூடாது என்று இருந்தாளா என்று நான் கேட்கவே இல்லை.

இரண்டு பேரும் எப்படி இறங்கினோம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் முன்னால் இறங்கி அவள் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு குழியிலும் வைத்தேன். அவளுக்குக் கண் தெரியவில்லை. அடிவாரத்தில் பூசாரி ஒரு வேப்பமரத்தடியில் கிடந்தார். சின்னம்மா குட்டைக்குள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். மாட்டுவண்டி வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனது. ஊரிலிருந்த கம்பவுண்டர் வந்து ஆளுக்கொரு ஊசி போட்டார்.

மத்தியானம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாமியாருக்குக் காய்ச்சல் அடித்தது. தலையில் கொடுக்குகள் அப்படியே இருந்தன. அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, கூந்தலை வகிர்ந்து வகிர்ந்து நகத்தால் கீறி எடுத்தேன். எடுத்த இடத்தில் சுண்ணாம்பு வைத்தேன். என் கையும் வீங்கித்தான் இருந்தது. சினை பிடிக்காத மாடு என்று சொன்ன வாய் என் மடியில் கிடக்கிறதே என்று நினைத்தேன். கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வேலை ஓடிக்கொண்டே இருந்ததால் இரண்டும் வெளியே வரவில்லை.

அந்தப் பொந்து அங்கே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். பேச்சை வளர்க்கத்தான் கேட்டேன். கல் சுற்றித்தான் மகன் பிறந்தான் என்பது அவள் ஊருக்கெல்லாம் சொல்கிற கதை.

தூங்கிவிட்டாள் என்று நினைத்து அடுத்த கொடுக்கைத் தேடினேன். அப்போது சொன்னாள்.

"அந்த எடம் வரைக்குந்தான் நான் போனேன். அதுக்கு மேல காலு வரல. பொந்துல கைய உட்டுக்கிட்டு அங்கயே நின்னுட்டு, சுத்துன மாதிரி வந்த வழியே திரும்பி வந்துட்டேன். மூணு வாட்டியும் அப்புடித்தான். கூட வந்தவங்க யாருக்கும் தெரியல. நான் எந்தப் பக்கமா வந்தேன்னு அன்னைக்கு யாரும் கேக்கல, மழ தூறுச்சு, எல்லாரும் கோயலுக்குள்ள இருந்தாங்க."

என் விரல் நின்றுவிட்டது. சுற்றாமலேதான் உங்களுக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அப்படியானால் கல்லில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துமா என்னை அனுப்பினீர்கள் என்றேன். என் குரல் ஏறிவிட்டது. அவள் தலை மடியில் இருக்கிறது என்பதுகூட மறந்துவிட்டது.

"நீ அப்புடி நெனைக்கற. நான் அப்புடி நெனைக்கல. சாமிய ஏமாத்திப் புள்ள வாங்கிட்டேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் பேரன் வராம நிறுத்தி வெச்சிருக்குதுன்னு நெனச்சேன். என்ற கடன நீ சுத்திக் கழிச்சுட்டா ரெண்டு பேத்துக்கும் ஆவும்னு நெனச்சேன்."

இத்தனை வருஷம் என்னைச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவள் உள்ளுக்குள் தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைத் தெரிந்துகொண்டதால் எனக்குப் பட்ட வலி குறைந்துவிடவில்லை. ஆனால் அவளை வெறுப்பது அதற்குப் பிறகு எனக்குச் சுலபமாக இல்லை. சுண்ணாம்பைத் தொட்டு அடுத்த இடத்தில் வைத்தேன்.

ஊர் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டது. அம்மன் என்னைக் கல்லிலிருந்து விரட்டிவிட்டது, இந்தப் பெண்ணுக்குக் குழந்தை வரம் இல்லை என்று சாமியே தேனீ விட்டுச் சொல்லிவிட்டது என்றார்கள். கல்லிலேயே நின்றவள் நான், ஓடியவர்கள் அவர்கள். இருந்தாலும் விரட்டப்பட்டவள் நான்தான். இதையெல்லாம் யாரிடம் வாதாடுவது?

வீக்கம் வடிவதற்கு முன்பே சின்னம்மா வந்தாள். ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், மகளுக்கு ஒரு வழி தெரிய வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நான் கதவோரம் நின்றேன். சாமியே சொல்லிவிட்டது, இனி என்ன யோசனை நங்கையா, சித்திரையில் ஒரு நல்ல நாள் பாருங்கள் என்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து வரப்போகிற வார்த்தையில் நான் இந்த வீட்டில் யார் என்பது இருக்கிறது.

மாமியார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

"உன்ற புள்ளையத் திருச்செங்கோட்டுக்கே குடு. சாமி கொட்டுனது இவளையில்ல, என்னைய. கல்லச் சுத்தித்தான் இவனப் பெத்தேன்னு உங்களுக்கெல்லாம் சொன்னன்ல, நான் சுத்தவே இல்ல. பாதியில நின்னுட்டு வந்தவ. கொற எங்கூட்டு மருமவகிட்ட இல்ல, எங்கிட்ட."

சின்னம்மா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். தண்ணீரைக் குடிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். நிஜமாகவா நங்கையா என்று கேட்டாள். மாமியார் ஆமாம் என்று தலையசைத்தாள். சின்னம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வெயில் ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

நான் போய்க் கட்டிலுக்குக் கீழே அவள் காலடியில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. இதை ஏன் அவர்களிடம் சொன்னீர்கள் அத்தை, பொழுது சாய்வதற்குள் ஊர் பூரா பேசுமே என்றேன்.

"பேசட்டும். உன்னைய அஞ்சாறு வருசமாப் பேசுனாங்க. என்னையவும் பேசட்டும்."

பேசினார்கள். கோவிலில்கூட அவளிடமிருந்து கொஞ்சம் விலகி நின்றார்கள். சாமியை ஏமாற்றியவள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. சின்னம்மாவின் மகள் திருச்செங்கோட்டுக்கே வாழ்க்கைப்பட்டுப் போனாள். எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதற்கும் ஊர் மாமியாரைத்தான் சொன்னது. எண்பதுகளின் கடைசியில் அவள் கண்ணை மூடுகிறவரை அந்தப் பேச்சு ஓயவில்லை. அவள் ஒருமுறைகூட அதை என் பக்கம் தள்ளிவிடவில்லை.